காளியாயியின் கொடிவெங்காயம்

ஏற்காட்டில் நாகலூர் போகும் சாலையில் ஆறு அறைகள் கொண்ட ஒரு விடுதிக்கு நான் மேனேஜர். பெயர் சின்னசாமி, சொந்த ஊர் சேலம் அம்மாபேட்டை, கோபம் கொஞ்சம் அதிகம். இந்தக் கதையில் நான் அவ்வளவு நல்லவனாக வரப்போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது காளியாயியின் கதை. அவரைப் பற்றி எழுத ஏற்காட்டில் வேறு யாருக்கும் தோன்றவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

காளியாயிக்கு நாற்பத்தைந்து வயது. நாகலூருக்கு மேலே ஒரு சிற்றூரில் பிறந்து, அடுத்த சிற்றூரில் பொன்னுவேலுக்கு வாழ்க்கைப்பட்டவர். இருவருக்கும் ஒரு ஏக்கர் காடு இருக்கிறது. பாதியில் சாமை, பாதியில் காப்பி, ஓரத்தில் நாலு பலா மரம். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. அதன்பின் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தார், நாற்றுப் பைகளில் மண் நிரப்பினார், கூலிக் கணக்கு எழுதும் ரைட்டர்களோடு சண்டை போட்டார். ஒன்பது வருடங்களுக்கு முன் எங்கள் விடுதிக்கு அறை சுத்தம் செய்யும் வேலைக்கு வந்தார். வந்த அன்றைக்கே நான் கொடுத்த துடைப்பத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மேனேஜரு, இந்தச் சீமாறு ரூம் கூட்டறதுக்குங்களா, பல்லு வெளக்கறதுக்குங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாயங்காலமே ஒண்டிக்கடை சந்திப்புக்குப் போய்ப் புதுத் துடைப்பம் இரண்டு வாங்கி வந்தேன்.

ஆள் அப்படித்தான். தெரிந்ததைத் தெரியும் என்பார், தெரியாததைத் தெரியாது என்பார், இரண்டையும் ஒரே குரலில் சொல்வார். விருந்தினர்கள் ஏதாவது ஒரு பறவையைக் காட்டி என்ன பெயர் என்று கேட்டால் நான் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவேன். காளியாயி, "தெரியாதுங்க, எங்க ஊட்டுக்காரரைக் கேட்டு நாளைக்குச் சொல்றேனுங்க" என்பார். மறுநாள் அந்த விருந்தினர் மறந்திருந்தாலும் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் படுக்கை விரிப்பை மாற்றுவார்.

விடுதியின் பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை உண்டு. மூன்று பக்கமும் கண்ணாடி, உள்ளே கால் உடைந்த நாற்காலிகள். அந்த அறை மேல் காளியாயிக்கு ஒரு கண். எண்ணெய் டின்களிலும் பெயிண்ட் டப்பாக்களிலும் அவர் வளர்த்த பெகோனியாக்களையும் பெரணிச் செடிகளையும் பார்த்து விருந்தினர்கள் விலை கேட்பார்கள். விற்க இடம் இல்லை. "அந்த ரூமை எனக்கு உட்டுப்போட்டீங்கன்னா நானே செடி வெச்சு வித்துக்குவேனுங்க. ரூம் வேலையும் கொறையாதுங்க" என்று முதலாளியம்மாவிடம் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளி சரஸ்வதி அம்மா, சேலத்தில் இருப்பவர், பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் அதே அறையை இன்னொருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒண்டிக்கடையில் டீக்கடை வைத்திருக்கும் ராஜ்குமார், அங்கே கண்ணாடி வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கிற மாதிரி ஒரு கடை போட ஆசைப்பட்டார். என் ஓட்டு ராஜ்குமாருக்குத்தான். நாலு எட்டு வைத்தால் நல்ல டிகாஷன் காப்பி கிடைக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் எதுவும் இருக்கவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நவம்பரில் சரஸ்வதி அம்மா ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒன்பது மாதம் புறப்பட்டார். போகும் முன் ஒரு தொட்டியோடு மேலே வந்தார். பெங்களூரில் ஏதோ செடிக் கண்காட்சியில் வாங்கியதாம். தொட்டியில் மண்ணுக்கு மேலே ஒரு பெரிய பச்சை வெங்காயம் உட்கார்ந்திருந்தது. சாத்துக்குடியை விடப் பெரியது. அதன் உச்சியிலிருந்து பச்சை நூல் சிக்கல் மாதிரி ஒரு கொடி. இலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

"தென்னாப்பிரிக்காச் செடி. க்ளைம்பிங் ஆனியன்னு பேரு" என்றார் அம்மா. "வீட்டுக்குள்ள ஜன்னல்கிட்ட வைக்கணும். நல்ல விஷம், சமையல்கட்டுல யாரும் வெங்காயம்னு நினைச்சு நறுக்கிடாதீங்க." பிறகு காளியாயியைப் பார்த்தார். "நான் வர்ற வரைக்கும் இதை உயிரோட வெச்சுக் காட்டு. வந்ததும் அந்தக் கண்ணாடி ரூம் உனக்கா ராஜ்குமாருக்கான்னு முடிவு பண்ணிடலாம்."

"வெச்சுக் காட்டறேனுங்கம்மா" என்றார் காளியாயி. தொட்டியை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார், ஆனால் குரலில் ஒரு தயக்கமும் இல்லை.

அந்தச் செடிக்கு அன்றே கொடிவெங்காயம் என்று பெயர் வைத்துவிட்டோம். மறுநாள் காளியாயி அதன் மண்ணைக் கொட்டிப் பார்த்தார். தென்னை நார்த்தூள் பாதிக்குமேல் இருந்தது. "இது தண்ணியக் குடிச்சுட்டு உடவே மாட்டேங்குதுங்க" என்று அதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, ஆற்று மணலையும் உடைத்த செங்கல் சல்லியையும் கலந்தார். வெங்காயத்தின் அடி மட்டும் மண்ணில் பட்டால் போதும் என்று மேலாக உட்கார வைத்தார். கூடத்தின் கிழக்கு ஜன்னலில் தொட்டியை வைத்து, கம்பிக்கும் தொட்டிக்கும் நூல் கட்டி, கொடி ஏற வழி செய்தார்.

எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. நான் ஏற்படுத்தியது. கோடையில் இங்கே லாரித் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டிவரும், அதனால் ஒரு சொட்டைக்கூட வீணாக்கக் கூடாது. அறைகளில் இரவு வைக்கும் ஜக்குகளில் காலையில் மிஞ்சும் தண்ணீர் அப்படியே தொட்டிச் செடிகளுக்குப் போகும். காளியாயி வேலைக்கு வந்த நாளிலிருந்து அதை ஒழுங்காகச் செய்துவந்தார். கொடிவெங்காயத்துக்கு மட்டும் அந்தத் தண்ணீர் கிடையாது என்று சொல்லிவிட்டார். பத்து நாளைக்கு ஒருமுறை மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். நன்றாகக் காய்ந்திருந்தால் ஓரமாக ஒரு தம்ளர் ஊற்றுவார். தலையில் ஒரு துளி விழ விடமாட்டார். மார்கழிப் பனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றபோது அந்த ஒரு தம்ளரும் நின்றது.

"ஏம்மா, பட்டினி போட்டுக் கொல்லப் போறியா?" என்று கேட்டேன்.

"பனியே பாதித் தண்ணிதானுங்க. அது மூஞ்சியப் பாருங்க, பசிக்கற மாதிரியா இருக்குது?"

இருக்கவில்லை. பொங்கலுக்குள் கொடி திரைச்சீலைக் கம்பியைத் தொட்டு, அங்கிருந்து பக்கவாட்டில் ஓடியது. கொத்தமல்லி விதை அளவுக்குப் பச்சைப் பூக்கள்கூடப் பூத்தன. விருந்தினர்கள் ஏரியைப் படமெடுத்த கையோடு அதையும் எடுத்தார்கள். காளியாயி அருகில் நின்று, "தென்னாப்பிரிக்காங்க. நானுங்க வளத்தறது" என்பார்.

மார்ச் மாதம் கொடி மஞ்சளானது. ஒரு வாரத்தில் வைக்கோல். நான் பதறிப்போனேன்.

"ஏம்மா காளியாயி, செத்துப்போச்சா?"

அவர் வெங்காயத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். "கல்லாட்டம் இருக்குதுங்க. தூங்கப் போவுது. எங்க காட்டுல கருணைக்கெழங்கும் இப்பிடித்தானுங்க, மேல தண்டு காஞ்சு உழுந்துரும், கெழங்கு பாட்டுக்குக் கெடக்கும். விதைக் கெழங்கை நாங்க அடுப்புக்கு மேல பரண்ல வெச்சிருவோம். மொளை வந்தாத்தான் எறக்குவோம்."

அப்படியே செய்தார். குளியலுக்கு வெந்நீர் போடும் விறகு பாய்லர் சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் இருக்கிறது. ஏற்காட்டில் எந்த ஈரமும் நுழைய முடியாத இடம் அது ஒன்றுதான். அங்கே உயரத்தில் ஒரு பலகையில் தொட்டியை ஏற்றினார். "மேனேஜரு, மொளை வர்ற வரைக்கும் இதுக்குச் சொட்டுத் தண்ணி கூடாதுங்க" என்றார். நான் தலையாட்டினேன். நான் நிறையத் தலையாட்டுகிறவன்.

மே மாதம் சீசன். ஆறு அறையும் நிறைந்திருந்தது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கும், அதை ஒட்டிச் சாமை விதைப்புக்கும் காளியாயி எட்டு நாள் லீவு எடுத்தார். அவர் போன அன்றைக்கே பாய்லர் சரியாக எரியவில்லை என்று நான் அந்த அறைக்குள் போனேன். பலகையில் கொடிவெங்காயம் தெரிந்தது. மேல் தோல் காகிதமாக உரிந்து, உடம்பு சுருங்கி, மொட்டையாக இருந்தது. எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. முப்பது வருடம் விடுதி வேலை பார்த்தவன் நான். எங்கே காலி தம்ளரைப் பார்த்தாலும் கை தானாக ஜக்கைத் தேடும். அடுத்த வார இறுதியில் சரஸ்வதி அம்மா வீடியோ கால் பண்ணுவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு இந்த மொட்டையையா காட்டுவது? இன்னொன்றும் உண்மை. காளியாயியால் முடியாததை நான் எட்டு நாளில் செய்து காட்டுவேன் என்று எனக்குள் ஒரு வீம்பும் இருந்தது.

தொட்டியைக் கூடத்து ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். வெங்காயம் மண்ணுக்கு வெளியே கிடப்பது எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது, ஏதோ மழையில் மண் அரித்துப்போனதுபோல இருக்கும். காப்பித் தோட்டத்தில் போடுகிற மாட்டெருவும் காப்பிப் பழத் தொலியும் வாங்கி வந்து கழுத்துவரை மூடினேன். ஆறு அறையின் ஜக்குத் தண்ணீரும் எட்டு நாளும் அதற்கே போயிற்று. சுருக்கம் போய் அது உப்பியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை காளியாயி வந்தார். கூடத்துக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுருக்கினார். நேராகத் தொட்டியிடம் போய் எருவைக் கையால் விலக்கி, கட்டை விரலை வைத்தார். விரல் உள்ளே போயிற்று.

"எத்தன ஜக்குங்க ஊத்துனீங்க?"

"மிச்சம் வந்ததைத்தாம்மா."

"சீசன்ல மிச்சம் எத்தனைங்க?"

அவர் கத்தவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு பாய்லர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் முடியவில்லை.

அங்கே கிடந்த ஒரு பழைய கத்தியை நெருப்பில் காட்டி, வெங்காயத்தைப் பாதியாகப் பிளந்தார். அடிப்பக்கம் முழுக்கப் பழுப்புக் கூழ். நாற்றம் அடித்தது. அவர் முகம் அப்போதுதான் மாறியது. மூன்று வருடம் கேட்ட அறை அந்தக் கூழில் கிடப்பதை நானும் பார்த்தேன். கொஞ்ச நேரம் கத்தியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு நடுவிலிருந்து ஒவ்வொரு செதிலாக உரிக்கத் தொடங்கினார். கெட்டுப்போனதை அடுப்பில் போட்டார். அடி கொஞ்சமாவது வெள்ளையாக இருந்ததை எடுத்து வைத்தார். பதினொன்று தேறியது. வெட்டுப்பட்ட இடமெல்லாம் விறகுச் சாம்பல் பூசி, இரண்டு நாள் காயவிட்டு, ஒரு தட்டில் காய்ந்த ஆற்று மணலைப் பரப்பி அதன்மேல் வரிசையாகப் படுக்க வைத்தார்.

"மொளைக்குமா?" என்றேன்.

"தெரியாதுங்க" என்றார். "மொளைச்சா நல்லது. இல்லீனா அம்மா வர்றப்ப நடந்ததைச் சொல்லிப்போடலாமுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதி அம்மா கூப்பிட்டார். காளியாயி மேல் அறையில் இருந்தார். கூடத்தில் நான் மட்டும்தான். "எங்கே என் செடி?" என்று அம்மா கேட்டார். என் வாயிலிருந்து வந்ததை அப்படியே எழுதுகிறேன்: "காளியாயி அதைப் பாய்லர் ரூம்ல கொண்டுபோய் வெச்சிருந்தாங்கம்மா. ரெண்டு மாசம் தண்ணியே ஊத்தலை. இப்ப அழுகிப்போச்சுங்க."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் அதைவிடப் பெரிய பொய் நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை.

அம்மா, "சரி. ராஜ்குமாரை வந்து ரூமை அளந்துக்கச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் ராஜ்குமார் டேப்போடு வந்து கண்ணாடி அறையை அளந்தார். காளியாயி துணி உலர்த்திக்கொண்டே பார்த்தார். மாலையில் என்னிடம் வந்து, "அம்மா வர்றதுக்கு முன்னாலயே ஏனுங்க முடிவு பண்ணிப்போட்டாங்க?" என்று கேட்டார். "அது அவங்க இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு டீயை ஊதினேன். சூடே இல்லாத டீ, தினமும் மாலையில் அவர் கொண்டுவந்து வைப்பது. அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அறை கைவிட்டுப் போன பிறகும் காளியாயி அந்தத் தட்டை விடவில்லை. இதுதான் எனக்குப் புரியவே இல்லை. தினமும் வேலைக்கு வந்ததும் முதலில் அதைப் பார்ப்பார். வாரத்துக்கு ஒருமுறை விரல் நுனியை நனைத்து மணலின் ஓரத்தில் உதறுவார், அவ்வளவுதான். செதில்கள் காய்ந்து மெலிந்தன. இரண்டு அழுகின. அவற்றை எடுத்துப் போட்டார். எனக்கு அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது.

ஜூலைக் கடைசியில் ஒரு காலை என்னை அவரே கூப்பிட்டார். "மேனேஜரு, இங்க வாங்க." ஒரு செதிலின் அடி ஓரத்தைச் சுட்டிக் காட்டினார். பச்சைப்பயறு அளவில் இரண்டு உருண்டைகள். அடுத்த செதிலில் ஒன்று. அதற்கடுத்ததில் மூன்று. மொத்தம் பதின்மூன்று இருந்தன. ஒவ்வொன்றும் பளபளவென்று ஒரு குட்டி வெங்காயம். காளியாயி சிரித்தார். "ஒண்ணு போச்சுன்னு அழுதேன் பாருங்க" என்றார். அவர் அழுதது எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறார். சந்தோஷப்பட வேண்டிய அந்த இடத்தில் நான் போன் அடிக்கிறது என்று சொல்லி நழுவினேன்.

ஆகஸ்டில் சரஸ்வதி அம்மா வந்தார். ராஜ்குமாரும் அன்று வந்திருந்தார். கண்ணாடி அறை வாசலில் நாங்கள் நாலு பேர் நின்றோம். காளியாயி கையில் தட்டு.

"பாய்லர் ரூம்ல ஏன் வெச்சே, காளியாயி?" என்று கேட்டார் அம்மா. குரல் கடுமையாக இல்லை, அதுதான் இன்னும் மோசம். "அத்தனை சொல்லிட்டுப் போனேன். உன்னை நம்பித்தானே குடுத்தேன்."

காளியாயி புரியாமல் பார்த்தார். "அங்க நல்லாத்தானுங்கம்மா இருந்துச்சு. கல்லாட்டம் இருந்துச்சு."

"அழுகிப்போச்சுன்னு சின்னசாமி சொன்னாரே."

காளியாயி மெதுவாக என் பக்கம் திரும்பினார். மே மாதத்திலிருந்து தனக்கு என்ன நடந்தது என்பது அந்த நிமிடத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. நான் தெரிந்துகொண்டதும் அந்த நிமிடத்தில்தான்: இப்போதும் நான் பேசாமல் நின்றால் அவர் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

"நான்தாங்கம்மா" என்றேன். "காளியாயி லீவுல போயிருந்தாங்க. நான் அதை எறக்கி, கழுத்து வரைக்கும் எருப் போட்டு, எட்டு நாளு ஆறு ரூம் தண்ணியும் ஊத்தினேன். பாய்லர் ரூம்ல இருந்த வரைக்கும் அது நல்லாத்தான் இருந்துச்சு. உங்ககிட்ட அதை மட்டும் சொல்லாம உட்டுட்டேன்."

சரஸ்வதி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க பொய் எதுவும் சொல்லலை, சின்னசாமி" என்றார். "அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு." பிறகு தட்டை வாங்கி, உருண்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ராஜ்குமாரைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க, இந்த ரூம் கெடையாது" என்றார். ராஜ்குமார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அது பரவாயில்லை.

அம்மா காரில் ஏறும் முன் காளியாயியிடம், ரூமுக்கு வேறு என்ன வேண்டும் என்று கேட்டார். பலகை, தண்ணீர்க் குழாய் என்று ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன்.

"ஒரு பூட்டு வேணுங்கம்மா. சாவி ஒண்ணுதான் இருக்கோணும். அது எங்கிட்ட இருக்கோணுங்க."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அன்று மாலை வழக்கம்போல எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். திரும்பிப் போகும்போது மட்டும் சொன்னார்: "மூணு மாசமாத் தெனமும் எம் மூஞ்சியப் பாத்துட்டே இதைக் குடிச்சீங்களே, மேனேஜரு." நான் அந்த டீயைக் குடிக்கவில்லை.

இப்போது கண்ணாடி அறையில் முந்நூறு தொட்டிகளுக்குமேல் இருக்கின்றன. பதின்மூன்று கொடிவெங்காயங்களில் ஒன்று சரஸ்வதி அம்மா வீட்டில், ஒன்று காளியாயி, பொன்னுவேல் வீட்டு ஜன்னலில். மற்றவை விற்பனைக்கு இல்லை, இன்னும் சின்னவை என்கிறார் காளியாயி. அதைக் கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் பாடம் எடுப்பார்: மண்ணில் பாதி மணல், வெங்காயத்தை மூடக் கூடாது, கொடி காய்ந்தால் கையை எடுத்துவிட வேண்டும். சரியாகத் திருப்பிச் சொன்னால் பெரிதானதும் தருவதாகச் சொல்வார், மற்றவர்களுக்குப் பெகோனியாதான். என்னோடு பேசுகிறார், சண்டை போடுகிறார், என் துடைப்பங்களைக் குறை சொல்கிறார். எல்லாம் பழையபடிதான் என்று வெளியே பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

இந்த வருடம் பொங்கலுக்கு நாலு நாள் லீவில் புறப்பட்டபோது கண்ணாடி அறையைப் பூட்டிவிட்டு ரிசப்ஷன் வழியாக வந்தார். லீவில் போகிற எல்லோரும் தங்கள் பொறுப்பில் இருக்கும் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன்.

காளியாயி ஒரு கணம் நின்றார். சாவியைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகினார். "பஸ்சுக்கு நேரமாச்சுங்க. போயிட்டு வாரேனுங்க" என்றார்.

"சரிம்மா" என்றேன். அவர் வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் கையை மடக்கினேன்.